வீரோ பீச் மூரிங் துறை: தெற்கே போகும் வழியில் நண்பர்களைச் சந்திக்க நிற்பவர்களுக்கு

படகில் வருகிறவர் நண்பரிடம் இடத்தைச் சொல்லலாம், அல்லது நாளைச் சொல்லலாம். இரண்டையும் சேர்த்துச் சொல்லக் கூடாது. அமெரிக்காவின் கிழக்குக் கரையோரம் போகும் இன்ட்ராகோஸ்டல் நீர்வழியில் குளிருக்கு முன் தெற்கே இறங்கும் படகோட்டிகள் எல்லோருக்கும் தெரிந்த விதி இது. காற்று மாறும், பாலம் திறக்கத் தாமதமாகும், டீசல் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். தேதி கொடுத்துவிட்டோமே என்று கெட்ட வானிலையில் கிளம்புவதைப் போல ஆபத்தான முடிவு வேறில்லை. அதனால் சந்திப்புக்கு ஏற்ற துறை என்றால், முன்கூட்டியே போய்ச் சேர்ந்து, நண்பருக்கு வசதிப்படும் நாள்வரை அதிகச் செலவில்லாமல் அமைதியாகக் காத்திருக்க இடம் தருவதாக இருக்க வேண்டும். அந்த அளவுகோலில் ஃப்ளோரிடாவின் கிழக்குக் கரையில் வீரோ பீச் நகராட்சி மரினாவின் மூரிங் பகுதிதான் (அடியில் நிலைநிறுத்திய மிதவைகளில் படகைக் கட்டும் இடம்) முதலிடம். குறைகள் உண்டு. அவற்றைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

நீர்வழியின் மைல் கணக்கு வர்ஜீனியாவின் நார்ஃபோக்கில் பூஜ்யத்தில் தொடங்குகிறது. வீரோ பீச் ஏறத்தாழ 952-ஆம் மைல். இவை நிலமைல்கள், கடல்மைல்கள் அல்ல; வேகத்தை நாட் அலகில் (மணிக்கு ஒரு கடல்மைல்) வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் இங்கேதான் தவறுவார்கள். 778-ஆம் மைலில் இருக்கும் செயின்ட் அகஸ்டினிலிருந்து இங்கே 174 மைல். 6 நாட் வேகத்தில் ஓடும் பாய்மரப் படகுக்கு அது சுமார் 25 மணி நேர ஓட்டம். நவம்பர், டிசம்பரில் பகல் குறுகிவிடுவதால் மூன்று நாள் என்று நினைப்பது நான்காகவே முடியும். நண்பரிடம் பேசும்போது நான்கு என்றே சொல்லுங்கள்.

மரினா மெரில் பார்பர் பாலத்துக்குச் சற்று வடக்கே, நீர்வழியின் கிழக்குப் பக்கம் இருக்கிறது. மாங்குரோவ் தீவுகள் சூழ்ந்த ஒடுங்கிய ஓடை போன்ற நீர்ப்பகுதியில் மிதவைகள் வரிசையாக நிற்கும். வெளியே லகூன் என்னும் உப்பங்கழியில் வாடைக்காற்று 25 நாட் வேகத்தில் அடித்தாலும் உள்ளே அலை எழும்ப இடமில்லை. கடல் முகத்துவாரங்கள் தள்ளியிருப்பதால் ஏற்றவற்றமும் மிகக் குறைவு. நீர்மட்டத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் காற்றுதான். இண்டியன் ரிவர் லகூனின் சராசரி ஆழமே 4 அடி அளவுதான் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். தூரத்தில் பாய்மரக் கம்பங்கள் தெரிகின்றன என்று குறுக்கே வெட்டினால் தரை தட்டும். நுழைவுக்கான குறிகள் வரும்வரை நீர்வழியை விட்டு விலகாதீர்கள்.

செயின்ட் அகஸ்டினோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். நண்பர்களுக்குச் சுற்றிக்காட்ட அந்த ஊருக்கு ஈடில்லை. 1565-இல் நிறுவப்பட்ட நகரம், 1672-இல் கட்டத் தொடங்கிய கோட்டை, எல்லாம் டிங்கி எனும் சிறுபடகைக் கட்டும் துறையிலிருந்து நடை தூரம். ஆனால் அங்கே நீரோட்டம் வேகமானது. காற்று ஒரு திசையிலும் நீரோட்டம் எதிர்த்திசையிலும் இழுக்கும்போது படகு மிதவையின் மேலேயே ஏறி நின்று இரவு முழுக்க முட்டிக்கொண்டிருக்கும். பிரிட்ஜ் ஆஃப் லயன்ஸ் தூக்குப்பாலம் காலை 7 முதல் மாலை 6 வரை மணிக்கும் அரை மணிக்கும் மட்டுமே திறக்கும். வேலை நாட்களில் காலை 8, நண்பகல் 12, மாலை 5 ஆகிய மூன்று வேளையும் திறக்காது. படகுப் பழக்கமில்லாத விருந்தாளியை, அதுவும் குழந்தையோ முதியவரோ என்றால், அந்த நீரோட்டத்தில் டிங்கியிலிருந்து படகுக்கு ஏற்றுவது சுலபமில்லை. வீரோவில் அதே வேலை குளத்தில் செய்வதைப் போல முடியும்.

இனி முக்கியமான விஷயம். சீசனில் ஒரே மிதவையில் மூன்று படகுகள்வரை பக்கத்தில் பக்கமாகக் கட்டச் சொல்வார்கள். ராஃப்ட் செய்வது என்பார்கள். தனிமை வேண்டும் என்பவர்களுக்கு இந்தத் துறை ஒத்துவராது. ஆனால் இந்த ஏற்பாடு இருப்பதால்தான் கூட்ட நாட்களிலும் இடம் கிடைக்கிறது. நவம்பர் நான்காம் வியாழக்கிழமை வரும் தேங்க்ஸ்கிவிங்கை ஒட்டிய வாரத்தில் படகோட்டிகள் இங்கே திரண்டு சேர்ந்து உண்பது வழக்கம் என்பதால், அப்போது பக்கத்துப் படகு நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் முதல் படகு என்றால் கட்டுவதில் ஒரு தவறைத் தவிர்க்க வேண்டும். இடது கிளீட்டிலிருந்து (தளத்தில் கயிறு கட்டும் கொம்புப் பிடி) ஒரே கயிற்றை மிதவையின் வளையத்துக்குள் விட்டு வலது கிளீட்டில் கட்டுகிறவர்கள் ஏராளம். படகு இப்படியும் அப்படியும் திரும்பும்போதெல்லாம் அந்தக் கயிறு வளையத்துக்குள் முன்னும் பின்னும் இழுபட்டு ரம்பம்போல் தன்னைத்தானே அறுத்துக்கொள்ளும். இரண்டு கயிறுகள் போடுங்கள்: இடது கிளீட்டிலிருந்து போவது வளையத்தைச் சுற்றி இடது கிளீட்டுக்கே திரும்பட்டும், வலதும் அப்படியே. 10 முதல் 12 மீட்டர் படகுக்கு 12 முதல் 14 மி.மீ. நைலான் கயிறு போதும். படகின் விளிம்பில் கயிறு வெளியேறும் ‘சாக்’ என்னும் வழிப்பிடியில் உரசும் இடத்தில் பழைய தீயணைப்புக் குழாய்த் துண்டைச் செருகிவிட்டால் வாரக்கணக்கில் கவலையில்லை.

இரண்டாவது படகாக வருகிறவர் முதலில் விஎச்எஃப் வானொலியில் முதல் படகை அழைத்து எந்தப் பக்கம் வரலாம் என்று கேட்க வேண்டும். குறைந்தது நான்கு ஃபெண்டர்கள் (படகுகள் உரசாமல் இடையில் தொங்கவிடும் மெத்தைகள்), பெரியது படகின் அகலமான இடத்தில். காற்றை எதிர்த்து, நேர்கோட்டில், நின்றுவிடுமோ என்கிற வேகத்தில் அணுகவும். முதலில் கொடுக்க வேண்டியது நடுக் கிளீட்டிலிருந்து போகும் ஸ்பிரிங் கயிறு (படகு முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் சாய்வுக் கயிறு). அது பிடித்துவிட்டால் படகு எங்கும் போகாது. பிறகு முன்னும் பின்னும் போகும் ஸ்பிரிங்குகள், கடைசியில் முன்முனை, பின்முனைக் கயிறுகள்.

எல்லாம் கட்டியதும் தலையை நிமிர்த்திப் பாய்மரக் கம்பங்களைப் பாருங்கள். இரண்டு படகின் ஸ்பிரெடர்களும் (கம்பத்தின் இருபுறமும் நீளும் குறுக்குக் கைகள்) நேருக்கு நேர் நின்றால், கடந்து போகும் விசைப்படகின் ஒரு அலை போதும், மேலே இரண்டும் மோதி வளைந்துவிடும். ஸ்பிரிங்குகளைத் தளர்த்தி ஒரு படகை அரை மீட்டராவது முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்தி மறுபடி இறுக்குங்கள். ஐந்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் கரைக்குப் போய்விடுகிறவர்கள்தான் கம்பமும் கயிறுகளும் பழுதுபார்க்கும் ரிக்கிங் கடையில் பணம் கட்டுகிறார்கள். அடுத்து, டிங்கியில் போய் உங்கள் படகிலிருந்து மிதவைக்கே ஒரு கயிறு போடுங்கள். உங்கள் பாரம் முழுவதும் பக்கத்துக்காரரின் கிளீட்டில் தொங்கக் கூடாது. அவர் விடியற்காலையில் கிளம்பும்போதும் அந்தக் கயிறுதான் உங்களைப் பிடித்து வைக்கும். அவர் படகைத் தாண்டிப் போக நேர்ந்தால் முன்தளத்தின் வழியாகப் போங்கள், காக்பிட் வழியாக அல்ல. உட்கார்ந்து படகோட்டும் பள்ளமான அந்த காக்பிட் அவர்கள் வீட்டுக் கூடம். உங்கள் விருந்தாளிகளுக்கும் இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

விருந்தாளிகளைக் கரையிலிருந்து கொண்டுவரும் டிங்கிப் பயணத்தில்தான் சட்டமும் பாதுகாப்பும் சேர்ந்து வருகின்றன. டிங்கியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அவரவர் அளவுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் வேண்டும். ஃப்ளோரிடாவில் 26 அடிக்குக் குறைந்த படகு ஓடும்போது 6 வயதுக்குட்பட்ட குழந்தை அதை அணிந்தே இருக்க வேண்டும். பக்கத்தில் வைத்திருந்தால் போதாது. பெரும்பாலான படகுகளில் பெரியவர்களுக்குத்தான் இருக்கும், ஆகவே குழந்தையின் எடையை முன்கூட்டியே கேட்டு வாங்கி வையுங்கள், அல்லது நண்பரையே கொண்டுவரச் சொல்லுங்கள். 3 குதிரைத்திறன் அல்லது அதற்கு மேற்பட்ட எஞ்சின் என்றால் 2021 ஏப்ரல் முதல் கட்-ஆஃப் கயிறு (ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்துவது) குறித்த விதியும் உண்டு. வேகத்தில் ஓட்டும்போது மட்டும்தான் கட்டாயம் என்றாலும், விருந்தாளிகள் இருக்கும்போது எப்போதும் மணிக்கட்டில் மாட்டிக்கொள்வதே சரி.

டிசம்பரில் மாலை ஐந்தரைக்கே சூரியன் மறைந்துவிடும், ஆகவே சாப்பிட்டுவிட்டுத் திரும்பும் பயணம் இருட்டில்தான். கையில் டார்ச் இருந்தால் போதும் என்பது துடுப்பு வலிக்கும் படகுக்குத்தான். நீர்வழி உள்நாட்டு விதிகளுக்கு உட்பட்டது; எஞ்சினில் ஓடும் டிங்கிக்கு வெள்ளை விளக்கோடு சிவப்பு, பச்சை விளக்குகளும் வேண்டும். ஏழு மீட்டருக்குக் குறைந்த மெதுவான படகுக்கு வெள்ளை விளக்கு மட்டும் போதும் என்பது சர்வதேச விதியில் உள்ள சலுகை, இங்கே செல்லாது. கவ்வும் பேட்டரி விளக்குகள் இரண்டு வாங்கினால் வேலை முடிந்தது.

ஏற்றும்போது ஒவ்வொருவராக, நடுவில் கால் வைத்து, உடனே உட்காரச் சொல்லுங்கள். கையில் பையோடு யாரையும் இறங்க விடாதீர்கள். பைகள் தனியாகக் கைமாறட்டும். டிங்கியின் கொள்ளளவுத் தகட்டில் நான்கு பேர் என்றிருந்தால் அது நல்ல நீரில் உள்ள உச்சவரம்பு. ஐந்தாமவர் மெலிந்தவர்தானே என்று ஏற்றாமல் இரண்டு நடை போய் வாருங்கள். டிங்கித் துறையில் கயிற்றை மூன்று மீட்டர் நீளமாக விட்டுக் கட்டினால்தான் மற்றவர்கள் இடையில் புகுந்து வர முடியும். அங்கே எஞ்சினைத் தூக்கி வைக்காதீர்கள், ப்ரொப்பல்லர் இறகு பக்கத்து ரப்பர் டிங்கியைக் கிழித்துவிடும். மிதவைகளுக்கிடையே மெதுவாகவே ஓட்டுங்கள். மானட்டி என்னும் கடற்பசுக்கள் வரும் நீர் இது, குளிர்காலத்தில் லகூனின் பல பகுதிகளில் வேகக் கட்டுப்பாடும் உண்டு.

விருந்தாளிகள் வருவதற்கு முன்தினம் கழிவுத் தொட்டியைக் காலி செய்துவிடுங்கள். மரினாவில் உறிஞ்சி எடுக்கும் வசதி இருக்கிறது. லகூனில் திறந்துவிடுவது சட்டவிரோதம். இரண்டு பேர் ஒரு வாரம் ஓட்டும் தொட்டி, ஆறு பேர் சேர்ந்தால் வெகு வேகமாக நிறையும். கழிவறையை எப்படி பம்ப் செய்வது என்பதைக் கூச்சப்படாமல் காட்டிக்கொடுங்கள். ஈரத் துடைப்பான் எதையும் உள்ளே போடக் கூடாது என்பதை இருமுறை சொல்லுங்கள்.

மாங்குரோவ் தரும் மறைவுக்கு ஒரு விலை இருக்கிறது. காற்றே நுழையாத மாலைகளில் நோ-சீ-அம் என்னும் பொடிப்பூச்சி வந்துவிடும். சாதாரணக் கொசுவலையின் கண்களில் அது தாராளமாக நுழையும். அதைவிட நெருக்கமான வலையைப் பொழுது சாய்வதற்கு முன் ஹேட்ச்களில் (தளத் திறப்புகளில்) மாட்டிவிட வேண்டும். காற்றாலை மின்சாரத்தை நம்பியிருப்பவர்களுக்கும் இங்கே சிரமம்தான். பேட்டரிக்கு சோலார் பலகையையே நம்ப வேண்டியிருக்கும்.

ஊருக்குள் போய்வர கோலைன் பேருந்து மரினாவுக்கு வந்து போகிறது. கட்டணமே இல்லை. சூப்பர் மார்க்கெட், லாண்டிரி, கடற்கரை என்று எல்லாவற்றுக்கும் கார் இல்லாமல் சமாளிக்கலாம். ஞாயிறன்று ஓடாது, ஆகவே ஞாயிறு விருந்து என்றால் சனிக்கிழமையே சாமான் வாங்கிவிடுங்கள். காரில் வரும் நண்பர்களுக்கு ஒர்லாண்டோவிலிருந்து சுமார் 100 மைல். அவர்களோடு வெளியே போக ஒரே ஓரிடம்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் மெக்கீ தாவரத் தோட்டத்துக்குப் போகலாம். 1932-இல் திறந்து, 1976-இல் மூடப்பட்டு, 2001-இல் மீண்டும் உயிர்பெற்ற இடம். முதியவர்களும் மெதுவாக நடந்து பார்க்கலாம். பறவை ஆர்வலர்கள் என்றால் வடக்கே, 1903-இல் நாட்டின் முதல் வனவிலங்குப் புகலிடமாக அறிவிக்கப்பட்ட பெலிகன் தீவு இருக்கிறது.

பஹாமாஸ் போகும் திட்டமுள்ளவர்கள் இங்கே ஒரு கணக்கை மனத்தில் வைக்க வேண்டும். இடையில் கடக்க வேண்டிய வளைகுடா நீரோட்டம் வடக்கு நோக்கி ஓடுகிறது. வாடைக்காற்று அதை எதிர்த்து வீசினால் அலைகள் செங்குத்தாக எழும், கடக்கவே கூடாது. குளிர்காலத்தில் சில நாட்களுக்கு ஒருமுறை குளிர்முகம் (குளிர்க்காற்றுத் திரளின் முன்விளிம்பு) ஒன்று வந்து காற்றை வடக்கே திருப்பிவிடும். ஆகவே கடக்க ஏற்ற நாட்கள் (படகோட்டிகள் ‘ஜன்னல்’ என்பது இதைத்தான்) குறைவு, வந்தால் சட்டென்று வரும். கடப்பதற்கு வழக்கமாகக் கிளம்பும் லேக் வொர்த் முகத்துவாரம் இங்கிருந்து சுமார் 66 மைல், அதாவது இரண்டு குறுகிய பகல். நண்பர் வருவதாகச் சொன்ன நாளும் அந்த ஜன்னலும் மோதினால், கடப்பதை விட்டுவிட்டு நண்பரோடு இருப்பதே நல்லது. அடுத்த ஜன்னல் வரும். வீரோவில் காத்திருப்பது அவ்வளவு வசதியாக இருப்பதால்தான் ஒரு வாரம் என்று வந்தவர்கள் ஒரு மாதம் நிற்கிறார்கள்.

கிளம்பும் நேரத்தை முந்தின மாலையே பக்கத்துப் படகுக்காரரிடம் சொல்லுங்கள். நீங்கள் நடுப் படகு என்றால் இருபக்கத்துப் படகுகளுக்கும் மிதவையில் சொந்தக் கயிறு இருக்கிறதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். பிறகு பின்முனைக் கயிறுகள், ஸ்பிரிங்குகள், முன்முனைக் கயிறுகள் என்ற வரிசையில் அவிழ்த்து, மிதவைக் கயிற்றைக் கடைசியாக விட்டு, ஸ்டீரிங்கைத் திருப்பாமல் நேர் பின்னால் வெளியேறுங்கள். நீங்கள் விலகியதும் மிச்சமுள்ள இரண்டு படகுகளும் ஒன்றோடொன்று சேரும்வரை அவற்றில் ஒருவர் ஃபெண்டரோடு ஓரத்தில் நிற்கட்டும்.