கிரீம்ஸ் சாலை விடுதி: நோயாளியின் குடும்பத்துக்கு எந்த அளவுக்கு உகந்தது?

சென்னையின் ஓட்டல் தொழிலைப் பற்றிய பேச்சு பெரும்பாலும், 2012-இல் கிண்டியில் 600 அறைகளுடன் திறக்கப்பட்ட ஐடிசி கிராண்ட் சோழா போன்ற நட்சத்திர ஓட்டல்களையே சுற்றி வருகிறது. ஆனால் 1983-இல் அப்போலோ மருத்துவமனை தொடங்கப்பட்ட கிரீம்ஸ் சாலையிலும் அதையொட்டிய ஆயிரம் விளக்குத் தெருக்களிலும், நோயாளிகளையும் உடன் வருவோரையும் மட்டுமே நம்பி இன்னொரு தங்கும் தொழில் வேரூன்றியிருக்கிறது. அப்பாவின் இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின், மறுபரிசோதனைகள் முடியும்வரை அங்குள்ள ஒரு சர்வீஸ் அபார்ட்மென்டில் தங்கினோம்.

அந்த விடுதியின் பெரிய பலம் அதன் சமையலறை. இண்டக்‌ஷன் அடுப்பு, குக்கர், சிறிய குளிர்பதனப் பெட்டி, நான்கைந்து பாத்திரங்கள் ஆகியவற்றைக் கொடுத்துவிடுகிறார்கள். உப்பைக் குறைத்துக் கஞ்சியும் காய்கறியும் சமைத்துக் கொடுக்க வேண்டிய வீட்டாருக்கு, எந்த நட்சத்திர ஓட்டலின் காலை உணவும் இதற்கு ஈடாகாது. அடுத்த அறையில் கொல்கத்தாவிலிருந்து வந்த குடும்பத்தினர் கடுகெண்ணெயில் மீன் சமைத்தார்கள். அந்த எண்ணெயும் அவர்களுக்குப் பழகிய அரிசியும் தெருமுனைக் கடையிலேயே கிடைத்தன. பணியாளர்கள் வங்காளியும் இந்தியும் பேசுகிறார்கள் என்பதோடு, ஸ்கேன் எடுக்கப் போகும்போது எந்த வாயிலில் இறங்க வேண்டும் என்பதுவரை பொறுமையாக வழிகாட்டுகிறார்கள். அறையை ஒப்படைக்கும் நேரம் நண்பகல் என்றில்லாமல், நாம் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்று கணக்கிடுவதும் மருத்துவமனைக்கும் அறைக்கும் அலைபவர்களுக்குப் பேருதவி.

குறைகளும் சிறியவை அல்ல. லிஃப்டில் சக்கர நாற்காலியை நுழைத்துவிட்டால் உடன் ஒருவர் நிற்க இடமில்லை. குளியலறை வாசலில் படி இருக்கிறது. பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. தையல் ஆறாத நோயாளிகளை நம்பித் தொழில் நடத்தும் இடத்தில் இதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு கம்பி பொருத்த ஆகும் செலவு, ஒரு நாள் வாடகையைக்கூடத் தொடாது.

வாடகையைப் பொறுத்தவரை, நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. வாரக்கணக்கில் தங்குவோருக்கு இது கணிசமான தொகை என்பதால், சொல்லப்படும் வாடகையில் வரி அடங்கியிருக்கிறதா என்பதை முன்பணம் கட்டும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

2024 ஆகஸ்டுக்குப் பின் வங்கதேசத்தவருக்கு இந்தியா விசா வழங்குவது வெகுவாகச் சுருங்கியதால் அறைகள் காலியாகக் கிடந்த மாதங்களை மேலாளர் கவலையுடன் விவரித்தார். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்ற அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்த வேலையையும் இங்கே ஒழுங்காகவே செய்கிறார்கள்.

நடக்கக்கூடிய நோயாளியுடன் வருவோருக்கு இந்த விடுதியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சக்கர நாற்காலி தேவைப்படுவோர் தரைத்தள அறை உறுதியானால் மட்டுமே முன்பதிவு செய்யுங்கள். குளியலறையின் படத்தையும் வாட்ஸ்அப்பில் கேட்டு வாங்கிப் பாருங்கள்.