ஒன்பது வருடமாக ஓடும் வீடர் இன்ஜின்

தென்னந்தோப்பில் களை ஓட்டும் எங்கள் பவர் வீடரில் இருப்பது ஹோண்டா ஜிஎக்ஸ்160, 163 சிசி பெட்ரோல் இன்ஜின். பெயின்ட் எல்லாம் உரிந்துவிட்டது. ஆனால் கயிற்றை இரண்டு இழுப்பு இழுத்தால் இன்னும் பிடித்துக்கொள்கிறது.

ஒருமுறைதான் படுத்தியது, அதுவும் என் தப்பு. ஐப்பசி மழையில் டேங்கில் பெட்ரோலோடு கொட்டகையில் போட்டுவிட்டேன். தை மாதம் எடுத்தால், சோக் (காற்றைக் குறைத்து பெட்ரோலைக் கூட்டும் விசை) போட்டால் ஓடும், சோக்கை எடுத்ததும் நிற்கும். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரைக் கழற்றினால், பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டில் பிசின் மாதிரி அடைப்பு. மெல்லிய செம்புக் கம்பி விட்டுச் சுத்தம் செய்தோம். இப்போது வருவது எத்தனால் கலந்த பெட்ரோல்தானே, ஈரத்தை இழுக்கும். அதனால் சீசன் முடிந்ததும் பெட்ரோல் குழாயை மூடி, தானாக அணையும்வரை ஓடவிடுகிறேன். அப்புறம் டேங்கையும் காலி செய்துவிடுவேன்.

ஆயில் அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும். சமதளத்தில் நிறுத்தித்தான் அளவு பார்க்க வேண்டும். 100 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். புழுதிக் காட்டில் ஏர் ஃபில்டர்தான் உயிர், வாரம் ஒருமுறை கழற்றித் தட்டிவிடுவேன். மலிவாகக் கிடைக்கிறதே என்று பெயர் தெரியாத ஸ்பார்க் பிளக் ஒன்று போட்டேன், ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

இன்ஜினுக்கு ஐந்துக்கு நாலரை. கியர்பாக்ஸ் வேறு கம்பெனி, அதைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.