ஸ்லீப் 60-ஐ நம்பிய சர்வீஸ்: மூன்று வருட அனுபவம்

நிமிடத்துக்கு ஒரு தடவை சென்சார் அளவை எடுத்து டேட்டாபேஸில் போடும் சின்ன பைத்தான் சர்வீஸ் (பின்னணியில் ஓடும் புரோகிராம்) ஒன்று மூன்று வருடமாக என் லினக்ஸ் பெட்டியில் ஓடுகிறது. எல்லாரையும் போல நானும் திரும்பத் திரும்ப ஓடும் ஒரு வைல் லூப், உள்ளே வேலை, கடைசியில் ஸ்லீப் 60 (60 விநாடி தூங்கு) என்றுதான் ஆரம்பித்தேன்.

நாளுக்கு 1440 வரி வர வேண்டிய இடத்தில் 1430 தான் வந்தது. சென்சார் மேல் சந்தேகப்பட்டு ஒரு வாரம் அதையே குடைந்துகொண்டிருந்தேன். அப்புறம் ஒவ்வொரு ஓட்டமும் பதிவாகும் லாகைப் பார்த்தால், 10:00:59.8-க்கு அடுத்த வரி 10:02:00.2. நடுவில் 10:01-ஐயே காணோம்! அளவெடுக்க 0.4 விநாடி, அதன் பிறகு 60 விநாடித் தூக்கம், ஆக ஒரு சுற்றுக்கு 60.4, நாள் முழுக்கச் சேர்ந்தால் ஒன்பதரை நிமிடம். (ஸ்லீப்பை 59.6 ஆக்கியும் பார்த்தேன், சிரிக்காதீர்கள். வேலைக்கு ஆகும் நேரம் சுற்றுக்குச் சுற்று மாறுமே.)

சரி என்று, அடுத்து ஓட வேண்டிய நேரத்தை ஒரு மாறியில் வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் அதோடு 60 கூட்டி, அதுவரை மிச்சமுள்ள நேரத்துக்கு மட்டும் தூங்க வைத்தேன். ஒரு சுற்று இழுத்தால் அடுத்த தூக்கம் அந்த அளவுக்குக் குறையும், பிழை சேராது. இதிலும் ஒரு தப்பு செய்தேன்: நேரம் பார்க்க டைம்.டைம், அதாவது கணினியின் சாதாரணக் கடிகாரம். ஒரு நாள் என்டிபி (நெட்வொர்க் வழியாகக் கணினியின் நேரத்தைச் சரிசெய்வது) அந்தக் கடிகாரத்தை மூன்று நிமிடம் பின்னால் தள்ள, சர்வீஸும் மூன்று நிமிடம் கூடுதலாகத் தூங்கிவிட்டது. எப்போதும் பின்னால் போகாத டைம்.மோனோடோனிக்குக்கு மாற்றியதும் அந்தத் தொல்லை விட்டது.

இன்னொரு தடவை டேட்டாபேஸ் பத்து நிமிடம் தொங்கியது. மீண்டு வந்ததும் விட்டுப்போன பத்துச் சுற்றையும் மூச்சுவிடாமல் ஓட்டி, ஒரே அளவைப் பத்து வரியாக எழுதி வைத்தது. இப்போது கடந்துபோன நேரங்களை விட்டுவிட்டு அடுத்த நிமிடத்துக்கே தாவுகிறது. எதையும் விடக்கூடாத கணக்கு வழக்கு வேலைக்கு இது ஆகாது.

இரவு 2 மணிக்கு ஓடும் பேக்கப்பை லினக்ஸில் குறித்த நேரத்துக்கு வேலைகளை ஓட்டும் சிஸ்டம்டி டைமரிடம் கொடுத்துவிட்டேன். அதில் வேலை எவ்வளவு வரை தாமதமாகத் தொடங்கலாம் என்று சொல்லும் அக்யூரசிசெக் என்ற அமைப்பு, நாம் எதுவும் சொல்லாவிட்டால் 1 நிமிடம். மின்சாரம் மிச்சப்பட சில வேலைகளைச் சேர்த்து எழுப்புவதற்காக. இது தெரியாமல் டைமர் தாமதிக்கிறது என்று திட்டிக்கொண்டிருந்தேன். 1 விநாடி என்று மாற்றிவிட்டேன். பெட்டி அணைந்திருந்தால் அந்த ஓட்டம் போய்விடும் என்பதால் விட்டுப்போனதைப் பெட்டி மீண்டும் எழுந்ததும் ஓட்டும் பெர்சிஸ்டென்ட்டையும் போட்டிருக்கிறேன்.

முந்தைய நாள் வரிகளை இப்போது தினமும் காலையில் எண்ணிப் பார்க்கிறேன். போன மாதம் ஒரு நாள் 1439 வந்தது. அன்று ரீபூட் செய்தது நான்தான்.