ஆண்குறி இம்ப்ளான்ட்: மூன்று பாகக் கருவியா, வளையும் தண்டா?

விறைப்புக் குறைபாட்டுக்கு மாத்திரை, வேக்கம் பம்ப், ஊசி எதுவும் பலன் தராதபோதுதான் இம்ப்ளான்ட் பற்றிப் பேச வேண்டும். சிலிண்டரை உள்ளே நுழைக்கும்போது விறைப்புத் திசு சிதைந்துவிடும். பின்னாளில் கருவியை எடுத்தாலும் மாத்திரை வேலை செய்யாது. இதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்கும் இடத்தை நம்பாதீர்கள்.

தரத்தில் முதலிடம் மூன்று பாகக் கருவிக்குத்தான். 1973-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் டாக்டர் பிரான்ட்லி ஸ்காட் வெளியிட்ட அமைப்பே இன்றும் அடிப்படை: குறிக்குள் இரண்டு சிலிண்டர், விதைப்பையில் பம்ப், அடிவயிற்றில் சலைன் (உப்பு நீர்) நிரப்பிய பை. பம்பைப் பலமுறை அமுக்கினால் சலைன் சிலிண்டருக்குள் ஏறும், பொத்தானை அழுத்தினால் பைக்கே திரும்பும். தளர்ந்திருக்கும்போது வெளியே தெரியாது. தொடு உணர்ச்சியும் உச்சமும் பெரும்பாலும் முன்பு இருந்தபடியே இருக்கும். ஆனால் குறியின் நுனி மொட்டு புடைக்காது, நீளமும் கூடாது. பலரின் ஏமாற்றம் இந்த இரண்டில்தான்.

மூன்று பாகக் கருவிகளில் ஏஎம்எஸ் 700, கோலோபிளாஸ்ட் டைட்டன் என்ற இரண்டு பிராண்டுமே நல்லவை. முதலாவதில் ரிஃபாம்பிசின், மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் பூச்சு தயாராகவே வரும். டைட்டனின் மேல்பூச்சோ, டாக்டர் தேர்ந்தெடுக்கும் ஆன்டிபயாடிக் கரைசலில் நனைத்தால் அதை உறிஞ்சிக்கொள்ளும். குறி வளைந்திருக்கும் பெய்ரோனி நோயாளிக்கு, ஏஎம்எஸ் 700-ல் நீளவாக்கிலும் விரியும் எல்ஜிஎக்ஸ் வகையைவிட, அதன் சிஎக்ஸ் வகையோ டைட்டனோ பொருந்தும்.

பிராண்டைவிட முக்கியம் அளவெடுப்பு. சிலிண்டர் நுழையும் வல, இட விறைப்புத் திசுக்குழாய்களைத் திறந்து, தையல் குறியிட்ட இடத்திலிருந்து முன்னும் பின்னும் அளந்து கூட்டுவார்கள். வலமும் இடமும் ஏறக்குறைய ஒத்துவர வேண்டும். பெரிய வித்தியாசம் வந்தால் அளவுக்கருவி பக்கத்துக் குழாய்க்குள் தாவியிருக்கலாம், அல்லது சுவரைத் துளைத்திருக்கலாம். அங்கேயே நிறுத்திச் சரிபார்க்காவிட்டால் பிறகு சிக்கல்தான். சிலிண்டர் குட்டையானால் மொட்டு தொங்கும். நீளமானால் உள்ளே மடங்கி வளையும், நாளடைவில் நுனியைத் துளைத்து வெளியேறப் பார்க்கும். புராஸ்டேட் அகற்றியவர்களுக்கு இடுப்பெலும்புக்குப் பின்னால் தழும்பு இறுகியிருக்கும். அங்கே சலைன் பையைத் திணித்தால் சிறுநீர்ப்பையோ ரத்தக்குழாயோ காயப்படலாம். வயிற்றுத் தசைக்கு அடியில் வைக்கத் தெரிந்த டாக்டரைத் தேடுங்கள்.

தொற்று, முதல்முறை வைப்பவர்களில் சுமார் 1 முதல் 3 சதவீதம். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கும், மறு அறுவைக்கு வருபவர்களுக்கும் ஆபத்து அதிகம். வலி நாளுக்கு நாள் குறையாமல் ஏறுவதும், பம்ப் விதைப்பைத் தோலோடு ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்பதும் அபாய அறிகுறிகள். கருவியின் மேல் கிருமி படலமாகப் படிந்துவிட்டால் மாத்திரை மட்டும் போதாது. பெரும்பாலும் முழுக் கருவியையும் எடுக்க வேண்டிவரும்.

வீக்கம் வடிந்த பிறகு, டாக்டர் சொல்லும் நாளிலிருந்து, பம்பைத் தினமும் மெதுவாகக் கீழே இழுத்துவிட வேண்டும். மேலே ஏறி நின்றுவிட்டால் விரலுக்கு எட்டாது. உறவு சுமார் 6 வாரம் கழித்து. அதற்குள் பம்பை இயக்கப் பழகிக்கொள்ள வேண்டும், மனைவியும் கற்றுக்கொண்டால் நல்லது.

கையால் நிமிர்த்தி மடக்கும் வளையும் தண்டு வகை விலை மலிவு, பழுதாக அதிகம் ஒன்றுமில்லை. மும்பை டாக்டர் ரூபின் ஷா உருவாக்கிய இந்தியத் தண்டில், மேலுறையைக் கழற்றிப் பருமனைக் குறைத்துக்கொள்ளலாம். கைவிரல் நடுங்குபவர்களுக்கும் மூட்டு இறுகியவர்களுக்கும் எங்கள் பரிந்துரை இதுவே. எப்போதும் விறைப்பாகவே இருப்பதுதான் குறை. உணர்ச்சியற்ற முதுகுத்தண்டுக் காயக்காரர்களுக்குத் தண்டு அழுத்தித் தோலை அரிக்கக்கூடும்.

இம்ப்ளான்டுக்குப் பதிலாக, குறியிலிருந்து ரத்தம் கசியும் சிரையைக் கட்டும் அறுவைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். பலன் நிலைப்பதில்லை. குறிக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி இணைப்பு அறுவை, விபத்தில் இடுப்புத் தமனி ஓரிடத்தில் அடைபட்ட, மற்றபடி ஆரோக்கியமான இளைஞருக்கு மட்டுமே.

கருவியின் பெயர் எழுதிய அட்டையைப் பர்சில் வைத்திருங்கள். வேறு சிகிச்சைக்காகச் சிறுநீர் வெளியேற்றும் குழாய் (கதீட்டர்) போட நேர்ந்தால், சிலிண்டரைத் தளர்த்திய பிறகே போட வேண்டும். எம்ஆர்ஐ எடுப்பவர்களிடமும் அந்த அட்டையைக் காட்டுங்கள்.