நூறு ரேண்டுல நல்ல வைன் கிடைக்குமா? டர்பன்ல வாங்கிக் குடிச்சுப் பாத்த கதை

சவுத் ஆப்பிரிக்காவுக்கு வந்து புதுசா வைன் பக்கம் தலை வைக்கிறவங்க நேரா போறது சிவப்புக்குத்தான், அதுவும் கேபர்னே சோவின்யோன்னு கெத்தா பேர் போட்ட பாட்டிலுக்கு. கையில நூறு ரேண்டுதான்னா அந்த வேலையே வேணாம். அந்தக் காசுக்கு ஷெனின் ப்ளாங்க் வாங்குங்க, வெள்ளை வைன். என் ரிவ்யூ அவ்ளோதான், மிச்சத்தை டைம் இருக்கிறவங்க படிங்க.

என்னைப் பத்தி ரெண்டு வரி. திருச்சிப் பொண்ணு, டர்பன்ல ஐடி வேலை. வைன்ல நான் எக்ஸ்பர்ட்லாம் கிடையாது, ஆர்வக்கோளாறு, சம்பளம் வந்ததும் புதுசு புதுசா வாங்கிப் பாக்குற ஆளு. அம்மா இந்தப் பக்கம் வரமாட்டாங்கன்ற தைரியத்துல எழுதுறேன்.

ஷெனின் ஏன் சீப்பா நல்லா கிடைக்குது? இந்த நாட்டுலயே அதிகமா நட்டிருக்கிற வைன் திராட்சை அதுதான். முன்னாடி ஸ்டீன்னு சொல்வாங்களாம், ரொம்ப காலம் அதைப் பிராந்தி காய்ச்சவும் மலிவு வைனுக்கும்தான் ஓட்டினாங்க, அதனால அதுக்குன்னு பெரிய மரியாதை எதுவும் இல்ல. இப்ப நல்ல நல்ல ஆளுங்க எல்லாம் சீரியஸா பண்றாங்க, ஆனா அடிமட்ட ரேஞ்சு விலை இன்னும் பெருசா ஏறல. நமக்கு அதுதானே வேணும். சிவப்பு அப்படி இல்ல, ஓக் பீப்பாய்ல மாசக்கணக்கா வைக்கணும், பீப்பாய் விலை எக்கச்சக்கம், அதனால மலிவு சிவப்புல பீப்பாய்க்கு பதிலா மரத்துண்டு போட்டு ஊற வைக்கிறது, கொஞ்சம் இனிப்பை விட்டு வச்சு துவர்ப்பை மறைக்கிறதுன்னு பல வேலை நடக்கும். எல்லாமே மோசம்னு சொல்லல, நூறு ரேண்டுல நல்ல சிவப்பு கிடைக்கிறது லக்கு, நல்ல ஷெனின் கிடைக்கிறது சாதாரண விஷயம்.

எங்க வாங்குறதுன்னு பாத்தா, நான் முக்காவாசி சூப்பர்மார்க்கெட்லதான். இங்க செக்கர்ஸ், பிக் என் பே, வூல்வொர்த்ஸ் மாதிரி கடைல அரிசி பருப்பு வாங்குற அதே கடைக்குள்ளயே வைன் ஷெல்ஃப் இருக்கும், ஆனா வைன் மட்டும்தான், பியர், பிராந்தின்னா பக்கத்துல தனியா லிக்கர் கடை வாசல் இருக்கும். ஊர்ல இருந்து புதுசா வந்தவங்களுக்கு இது பெரிய அதிசயம், தக்காளி ட்ராலில பாட்டில் போட்டுட்டு பில் போட்டா யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க.

செக்கர்ஸ்ல ஆட் பின்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதப் பத்தி கண்டிப்பா சொல்லணும். லேபிள்ல யார் பண்ணாங்கன்னு பேர் இருக்காது, ஒரு பின் நம்பர் மட்டும் இருக்கும். நல்ல பேர் உள்ள செல்லர்கள், அதாவது வைன் தயாரிக்கிறவங்க, கையில மிஞ்சின சரக்கை அவங்க பேர் வெளிய வராம வாங்கி சொந்த லேபிள்ல விக்கிறாங்க, அதனால விலை கம்மி. நான் எடுத்ததுல ஏமாத்தினது ரொம்ப கம்மி. ஒரே தொல்லை, அந்த நம்பர் தீந்தா தீந்ததுதான், திரும்ப தேடினா கிடைக்காது. அதனால ஒரு பாட்டில் மட்டும் எடுங்க, அன்னைக்கு ராத்திரியே திறங்க, பிடிச்சிருந்தா மறுநாளே போய் நாலஞ்சு அள்ளிக்கோங்க.

லிக்கர் கடைகள்ல ஒரு கடையைப் பத்தி மட்டும் கடுப்பா இருக்கேன், பேர் வேணாம். கடைக்காரர் வாய் தேன் மாதிரி, கிளாஸ் எப்படிப் பிடிக்கணும்னு எல்லாம் க்ளாஸ் எடுப்பாரு, ஆனா கண்ணாடி ஜன்னல் ஓரமா ரோஸே, அதாவது இளஞ்சிவப்பு வைன், பாட்டில் வரிசையா நிக்க வச்சு மத்தியான வெயில் முழுக்க அது மேல. டர்பன் பிப்ரவரி வெயில் எப்படின்னு இங்க இருக்கிறவங்களுக்குத் தெரியும். அங்க வாங்கின பாட்டில் திறந்தா பழ வாசனையே இல்ல, வெந்த ஆப்பிள் மாதிரி ஒரு சோர்ந்த வாசனை. மாத்திக் கேட்டதுக்கு "மேடம், ரோஸே அப்படித்தான் இருக்கும்"ன்னாரு. இருக்காது சார். வெள்ளையும் ரோஸேயும் வாங்கும்போது ரெண்டே விஷயம் பாருங்க, பாட்டில் நின்ன இடம், லேபிள்ல போட்ட வருஷம். இங்க அறுவடை ஜனவரி கடைசில இருந்து ஏப்ரல் வரைக்கும், அதனால வருஷ நடுவுலயே அந்த வருஷத்து வெள்ளை கடைக்கு வந்துடும், மலிவு வெள்ளைல நாலு வருஷம் பழசை ஸ்பெஷல் ஆஃபர்னு குடுத்தா யோசிங்க.

இப்ப பாட்டில் கழுத்தைப் பாருங்க, மூடிக்குக் கீழ சின்னதா ஒரு ஸ்டிக்கர் பட்டை, அதுல நம்பர். அதுதான் சான்றிதழ் சீல். 1973ல கொண்டு வந்த வைன் ஆஃப் ஆரிஜின் சட்டப்படி எந்த ஊர் பேரு போட்டிருக்கோ திராட்சை முழுக்க அந்த ஊர்ல இருந்தே வரணும், திராட்சை வகையும் வருஷமும் போட்டா குறைஞ்சது 85 சதவீதமாவது அதுவா இருக்கணும். ஸ்டெல்லன்போஷ்னு இருந்தா அந்த ஊரு, கோஸ்டல் ரீஜன்னு இருந்தா ஸ்டெல்லன்போஷ், பார்ல், ஸ்வார்ட்லேண்ட்னு பல ஊர் கலந்திருக்கலாம், வெஸ்டர்ன் கேப்னு இருந்தா இன்னும் பெரிய வட்டம். வட்டம் பெருசாக ஆக விலை பொதுவா இறங்கும். அதுக்காக பெரிய வட்டம்னாலே மட்டம்னு இல்ல, நான் தினசரி குடிக்கிறது வெஸ்டர்ன் கேப்தான். அப்புறம் டர்பன்வில்னு லேபிள்ல பாத்துட்டு நம்ம ஊரு சரக்குன்னு சந்தோஷப்படாதீங்க, அது கேப் டவுன் பக்கம், இங்க இருந்து 1,600 கிலோமீட்டர் தாண்டி. ஆனா அந்த ஊரு சோவின்யோன் ப்ளாங்க்ன்ற வெள்ளை வைன் நல்லா இருக்கும், கடல் காத்து அடிக்கிற மலைச்சரிவு, சும்மா புல்லு வாசனையா கிறுகிறுன்னு புளிக்கும்.

சரி, பாட்டிலுக்கு வருவோம். கென் ஃபாரஸ்டர் பெட்டிட் ஷெனின், ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் கண்ணை மூடிக்கிட்டு சொல்றது இதைத்தான். ஓக் கிடையாது, சுத்தமா பழம் மட்டும். நல்லா ஜில்லுன்னு ஊத்தி மூக்கை வச்சா முதல்ல கொய்யா, வெள்ளைக் கொய்யா பழுத்து வீடே மணக்குமே அது, அப்புறம் பேரிக்காய், கடைசில நாக்கு ஓரத்துல எலுமிச்சை சுள்ளுன்னு. ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து கால் மணி நேரம் கழிச்சு குடிச்சா இன்னும் வாசனை வரும், ரொம்ப ஜில்லுன்னா எல்லா வெள்ளையும் ஒரே மாதிரிதான் இருக்கும், மலிவு வெள்ளையை ஐஸ் மாதிரி தர்றதுக்குக் காரணமே அதுதான்.

சிவப்பு வேணும்தான்னு அடம் பிடிச்சா போர்க்குபைன் ரிட்ஜ் சிரா பாருங்க, பூக்கன்ஹவுட்ஸ்க்லூஃப்னு வாய்ல நுழையாத பேர் உள்ள பெரிய செல்லரோட மலிவு லேபிள், மிளகு வாசனை தூக்கலா வரும். அடுத்தது பினோடாஜ், இந்த நாட்டுக்கே சொந்தமான திராட்சை. 1925ல ஸ்டெல்லன்போஷ் யூனிவர்சிட்டில ஆப்ரஹாம் பெரோல்ட்னு ஒரு ப்ரொஃபசர் பினோ ந்வார், சின்சோன்னு ரெண்டு திராட்சையைக் கலப்பினம் பண்ணி உண்டாக்கினது. வந்த ஊரு சரக்கை குடிக்கணும்ல, அந்த மரியாதைக்காக பல பினோடாஜ் குடிச்சேன், எனக்கு இன்னும் செட் ஆகல. நல்லதுல ப்ளம்மும் புகையும் வரும், சுமாரானதுல ரப்பர் கருகின வாசனை. பேயர்ஸ்க்லூஃப் மட்டும் விதிவிலக்கு, நூறுக்குக் கொஞ்சம் மேல வரும், பழம் நிறைய, புகை அளவா. காபி வாசனை வர்ற பினோடாஜ்னு ஒரு ஸ்டைல் இருக்கு, 2001ல டீமர்ஸ்ஃபோன்டெய்ன் ஆரம்பிச்சு வச்சது, நல்லா கருக்கின ஓக்ல இருந்து வர்ற வாசனை அது. எங்க டீம் பசங்களுக்கு உயிரு. எனக்கு காபி வேணும்னா டிகாஷன் போட்டுப்பேன்.

நுரை வைன் பிடிக்கும்னா கேப் க்ளாசிக் வாங்குங்க. ஷாம்பெய்ன் மாதிரியே பாட்டிலுக்குள்ளயே ரெண்டாவது தடவை புளிக்க வைக்கிறது, இங்க முதல்ல பண்ணது சிமோன்சிக், 1971ல, காப்ஸ ஃபோன்கெல்னு பேரு. நூறு ரேண்டுக்குள்ள வராது, ஆனா பிரெஞ்சு பாட்டில் விலையப் பாத்துட்டு இதப் பாத்தா கண்ணுல தண்ணி வரும், சந்தோஷத்துல.

முக்கியமான டெஸ்ட் சாப்பாட்டோடதான், அங்கதான் என் ஷெனின் கட்சி ஜெயிச்சது. டர்பன்ல சாட்ஸ்வொர்த் ஏரியால எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு ஆன்ட்டி, கரும்புத் தோட்டத்துக்கு வந்தவங்க வம்சம், தமிழ்ல கோயில் பாட்டு பாடுவாங்க ஆனா பேச்சு இங்கிலீஷ்தான், அவங்க மட்டன் கறி வச்சா தெருவுக்கே தும்மல் வரும். விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்ல மதர் இன் லா எக்ஸ்டர்மினேட்டர்னு ஒரு மசாலா விப்பாங்க, மாமியாரைத் தீத்துக் கட்டுற மசாலா, அந்த ஜாதி காரம். மட்டனுக்கு சிவப்புன்னு படிச்ச பாடத்தை நம்பி ஒரு கேபர்னே, கூட ஒரு ஷெனின், ரெண்டையும் கொண்டு போனேன். ஒரு வாய் கறி, ஒரு வாய் கேபர்னே, அவ்ளோதான், காரம் டபுளாச்சு, வைன் வெறும் வாழைப்பூ மாதிரி துவர்த்துச்சு. காரத்துக்கு முன்னாடி துவர்ப்பும் நிக்காது, பதினாலு சதவீத ஆல்கஹாலும் நிக்காது, ரெண்டும் சேந்து எரிச்சலைத்தான் ஏத்தும். ஷெனின் எடுத்தா, அதுவும் லேபிள்ல ஆஃப் ட்ரைன்னு போட்ட, லேசா இனிப்பு உள்ள வகை, கறியும் தெரியுது வைனும் தெரியுது. ஆன்ட்டி அதுல ரெண்டு ஐஸ் கட்டி போட்டு "வெரி நைஸ், மா, வாட்ஸ் திஸ் ஒன்?"னாங்க. ஐஸ் போடக்கூடாதுன்னு சொல்ல வாய் வந்துச்சு, அப்புறம் எதுக்கு, அவங்க வீடு அவங்க கறி. ரொட்டியைக் குடைஞ்சு உள்ள கறி ஊத்தித் தர்ற இந்த ஊரு பன்னி சவ்வுக்கும் (bunny chow) இதே ஆஃப் ட்ரைதான். புரட்டாசில மட்டும் ஆன்ட்டி வீட்டுக்கு பாட்டில் எடுத்துட்டுப் போகாதீங்க, இங்க தமிழ்க் குடும்பங்கள்ல நிறைய பேர் அந்த மாசம் முழுக்க கறியும் தொட மாட்டாங்க குடியும் தொட மாட்டாங்க, நம்ம ஊர விட கண்டிப்பு.

கேப் டவுன் பக்கம் போனா ஒரு நாள் வைன் தோட்டத்துக்குப் போயிடுங்க. ஃபேர்வியூன்ற தோட்டத்துல ஆட்டுக்குன்னு ஒரு கோபுரமே கட்டி விட்டிருக்காங்க, சீஸும் வைனும் சேத்து டேஸ்டிங். டேஸ்டிங்ல கொஞ்சூண்டு கொஞ்சூண்டாதான் ஊத்துவாங்க, ஆனா அஞ்சாறு சேந்தா ஏறிடும், வண்டி ஓட்டுறவங்க துப்புறதுக்குன்னே பாத்திரம் வச்சிருப்பாங்க, கூச்சப்படாம துப்புங்க. தோட்டத்துல வாங்கினா சீப்பா இருக்கும்னு நினைச்சு பணத்தை அங்க எறக்காதீங்க, சாதாரண லேபிள் பல சமயம் சூப்பர்மார்க்கெட் ஆஃபர்லதான் கம்மி. கடைக்கு வராத லேபிள் இருந்தா அத மட்டும் வாங்குங்க. அந்த வெள்ளை அடிச்ச அழகான வீடுங்களைப் பாக்கும்போது இன்னொண்ணும் ஞாபகம் இருக்கட்டும், டொப் (dop) சிஸ்டம்னு ஒண்ணு இருந்துச்சு, தோட்டக் கூலிங்களுக்கு சம்பளத்துல ஒரு பங்கை மட்டமான வைனாவே குடுத்து தலைமுறை தலைமுறையா குடிக்கு அடிமையாக்கினது. டேஸ்டிங் ரூம்ல யாரும் தானா சொல்ல மாட்டாங்க, கேட்டா சிலர் சொல்லுவாங்க.

கடைசியா லீவுக்கு ஊருக்குக் கொண்டு போறதப் பத்தி, நிறைய பேர் கேக்குறாங்க. இந்தியாவுக்குள்ள ட்யூட்டி இல்லாம 2 லிட்டர் வரைக்கும்தான், 750 மில்லி பாட்டில்னா ரெண்டோட நிறுத்திக்கோங்க. ஜீன்ஸ்க்குள்ள உருட்டி, மேல ப்ளாஸ்டிக் கவர் சுத்தி, செக் இன் பெட்டி நடுவுல. ரெண்டுல ஒண்ணு ஷெனின், இன்னொண்ணு கேப் க்ளாசிக். பினோடாஜ் கொண்டு போகாதீங்க, மச்சான் ஒரு சிப் குடிச்சுட்டு கோக் ஊத்திடுவான்.