முடக்குவாத மருந்து கேட்கிறதா? எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், எம்.ஆர்.ஐ.: எதை நம்புவது

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோடு துணிக்கடைகளுக்கு ரவிக்கைக் கொக்கி தைத்துக் கொடுத்துவந்தவர் என் அம்மா. முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு அழற்சி நோய்) முதலில் பிடித்தது அந்த விரல்களைத்தான். நோயை அடக்க வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் மாத்திரை தொடங்கி ஆறு மாதமாகியும் விடியற்காலை விறைப்பு விடவில்லை. மருந்து கேட்கிறதா என்று அறிய எந்தப் படம் எடுப்பது?

எக்ஸ்ரே மலிவு, தெருவுக்குத் தெரு கிடைக்கும். ஆனால் அது காட்டுவது நடந்து முடிந்த சேதத்தை: எலும்பு அரிப்பு, மூட்டு இடைவெளி குறைதல். வீங்கிய மூட்டுச் சவ்வை அதில் தெளிவாகப் பார்க்க முடியாது. ஆறு மாதத்தில் 'மாற்றம் இல்லை' என்று வந்தால் நோய் அடங்கிவிட்டது என்று பொருளல்ல. பழைய படங்களோடு ஒப்பிடும்போதுதான் எக்ஸ்ரே பேசும். ஆகவே ஒரு படத்தையும் தூக்கிப் போடாதீர்கள்.

இன்றைய அழற்சியைக் கேட்டால் என் ஓட்டு அல்ட்ராசவுண்டுக்கு. கதிர்வீச்சு இல்லை. பவர் டாப்ளர் என்ற ரத்த ஓட்டம் காட்டும் முறையைப் போட்டால் சவ்வுக்குள் ரத்தம் பாய்வது நிறமாகத் தெரியும். அதை 0 முதல் 3 வரை தரம் பிரிக்கிறார்கள். நாங்கள் முதலில் போன இடத்தில் டாப்ளர் போடாமலே 'சவ்வு தடித்திருக்கிறது' என்று எழுதிக் கொடுத்தார்கள். அது பழைய தடிப்பா, இன்னும் எரியும் நெருப்பா? பணம் கொடுத்தும் விடை கிடைக்கவில்லை. எனக்கு இன்றும் ஆறாத கோபம் அது. இந்தப் பரிசோதனை செய்பவரின் கையையும் பொறுத்தது. கருவியை அழுத்திப் பிடித்தாலே அந்த நிறம் மறைந்துவிடும். குளிர்சாதன அறையில் விரல்கள் சில்லிட்டிருந்தாலும், வலி மாத்திரை போட்டுக்கொண்டு போனாலும் நோய் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியலாம்.

இந்த மூன்றில் எம்.ஆர்.ஐ. மட்டுமே எலும்பு மஜ்ஜைக்குள் வீக்கத்தைக் காட்டும். பின்னாளில் அரிப்பு வரக்கூடிய இடங்கள் அவை. ஆனால் செலவு அதிகம். சில கருவிகளில் தோள் வலிக்கும் நோயாளி கையைத் தலைக்கு மேல் நீட்டி அசையாமல் படுக்க வேண்டும். படம் தெளிவாகத் தெரிய ஊசியில் மருந்து செலுத்தி எடுப்பதானால் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும்.

படம் பார்த்தே மருந்தைக் கூட்டலாமா? கூடாது என்பேன். 2016-இல் வெளியான நார்வேயின் ஆர்க்டிக் ஆய்வில் அல்ட்ராசவுண்டும், 2019-இல் வெளியான டென்மார்க்கின் இமேஜின்-ஆர்.ஏ. ஆய்வில் எம்.ஆர்.ஐ.யும், மருத்துவர் மூட்டைத் தொட்டுப் பார்த்து நடத்தும் சிகிச்சையைவிடக் கூடுதலாக நோயை அடக்கவில்லை. டென்மார்க் ஆய்வில் படத்தை வைத்துச் சிகிச்சை பெற்றவர்களிடம் தீவிரப் பாதிப்புகள்தான் அதிகம் பதிவாயின.

28 மூட்டுகளை அழுத்திப் பார்ப்பதும் அழற்சியை அளக்கும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனையும்தான் முதல் அளவுகோல். அவை ஒன்றும் அம்மாவின் வலி வேறொன்றும் சொன்னபோது டாப்ளர் உதவியது. இரண்டு மணிக்கட்டிலும் நிறம் தெரிந்தது, மருந்தை மாற்றினார்கள். அந்த 28-இல் பாதங்கள் கிடையாது. போன வருட எக்ஸ்ரேயிலும் பாதங்கள் இல்லை. வரும் தை மாதம் இரண்டு கைகளோடு இரண்டு பாதங்களுக்கும் எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேட்டிருக்கிறேன்.