பாலைவனத்துக்கு ஒரு நாள்: டூசானா, பாம் டெசர்ட்டா, ஃபீனிக்ஸா?

அமெரிக்காவின் தென்மேற்கில் பாலைவன விலங்குகளையும் செடிகளையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமென்றால் மூன்று இடங்கள் போட்டிக்கு வரும். ஒன்று, அரிசோனாவில் டூசானுக்கு மேற்கே இருக்கும் அரிசோனா-சொனோரா பாலைவன அருங்காட்சியகம். அடுத்தது, கலிஃபோர்னியாவின் பாம் டெசர்ட் ஊரில் இருக்கும் லிவிங் டெசர்ட் என்ற விலங்குப் பூங்கா. மூன்றாவது ஃபீனிக்ஸ். அங்கே பப்பாகோ பூங்காவில் டெசர்ட் பொட்டானிக்கல் கார்டனும் ஃபீனிக்ஸ் உயிரியல் பூங்காவும் அக்கம்பக்கத்தில் இருப்பதால் இரண்டையும் ஒரே கணக்கில் வைக்கிறேன். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து தங்கியிருக்கும்போது ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லர், டெம்பி பக்கத்துத் தமிழ் வீடுகளில் "எங்கே கூட்டிப் போகலாம்" என்ற பேச்சு கட்டாயம் வரும். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் ஓட்டு டூசானுக்கு. அது எங்கே தோற்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அருங்காட்சியகம் என்ற பேரைக் கேட்டுக் கண்ணாடிப் பெட்டிகளை எதிர்பார்க்க வேண்டாம். பெரும்பகுதி திறந்தவெளி, சுமார் 3 கிலோமீட்டர் நடைபாதை. வில்லியம் கார், ஆர்தர் பேக் என்ற இருவர் சேர்ந்து 1952-ல் தொடங்கியது. இங்கே உள்ளது சொனோரா பாலைவன வட்டாரத்து உயிர்கள்தான். சிங்கம் கிடையாது, ஒட்டகச்சிவிங்கி கிடையாது. மலைச் சிங்கம் என்று பேர் வாங்கிய பூமா, மெக்சிகோ ஓநாய், கயோட்டி, பெரிய கொம்புள்ள காட்டு ஆடு, பன்றி மாதிரி இருந்தும் பன்றிக் குடும்பத்தைச் சேராத ஹவலீனா என்று எல்லாமே மண்ணின் மைந்தர்கள். மீன்தொட்டி கூட உண்டு. பாலைவனத்தில் மீனா என்றால், இந்தப் பாலைவனம் தெற்கே கலிஃபோர்னியா வளைகுடாக் கடற்கரை வரை போகிறது. ஆற்று மீனும் கடல் மீனும் அந்த வட்டாரத்தைச் சேர்ந்தவைதானே.

டூசானை நான் முன்னே வைப்பதற்குக் காரணம் செடிகள் இருக்கும் விதம். தோட்டம் தனி, கூண்டு தனி என்று பிரிக்கவில்லை. வேலிக்கு அப்பால் மலைச்சரிவில் தூண் மாதிரி நிற்கும் அதே சவாரோ கள்ளிதான் வேலிக்கு உள்ளேயும் நிற்கிறது. எங்கே காட்சி முடிந்து காடு தொடங்குகிறது என்று பல இடங்களில் தெரியாது. ஒரு பாலோ வெர்டே மரத்தடியில் குனிந்து பாருங்கள். மரத்தின் பட்டையே பச்சை. இலை உதிர்ந்த பிறகும் அந்தப் பட்டை வெயிலை வாங்கி மரத்துக்குச் சோறு சமைக்கும். அதன் நிழலில் விரலளவுக்கு ஒரு சவாரோ குட்டி முளைத்திருக்கும். முதல் எட்டு ஆண்டுகளில் அது ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் வளர்ந்தாலே பெரிய விஷயம். வெயிலிலிருந்தும் குளிர்காலப் பனியிலிருந்தும் காப்பாற்ற ஒரு தாதி மரம் வேண்டும். பக்கக் கிளை விடுவதற்கு ஐம்பது, எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அப்படியென்றால் படத்தில் நாம் பார்க்கும் கைதூக்கிய சவாரோ ஒவ்வொன்றும் நம் தாத்தா காலத்து ஆள். அதன் தண்டில் கீலா மரங்கொத்தி துளைபோட்டுக் கூடு வைக்கும். அது காலி செய்த பொந்தில் கைக்குள் அடங்கும் எல்ஃப் ஆந்தை குடிவரும். மரமும் பறவையும் வேறு வேறு டிக்கெட்டில் இருந்தால் இந்தக் கதையை எப்படிச் சொல்வது?

தாதி மரங்களில் மெஸ்கீட்டும் உண்டு. இலையையும் காயையும் பார்த்ததும் நம் ஊர் பெரியவர்கள் "அட, இது வேலிக்காத்தான் மாதிரி இருக்கே" என்பார்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள்; இரண்டும் நெருங்கிய சொந்தம். இராமநாதபுரத்தில் கண்மாயை அடைத்துக்கொண்டு நின்று சாபம் வாங்கும் சாதி இங்கே மரியாதையாக வாழ்கிறது. காயை இடித்து மாவாக்கிப் பூர்வகுடிகள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். சப்பாத்திக்கள்ளியும் அப்படித்தான், அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம் பக்கம் வந்தது. இங்கே அதை முள்ளோடு மென்று தின்ன ஹவலீனா இருக்கிறது. நம் ஊரில் அந்த ஆள் இல்லை.

குளிர்காலத்தில் போனால் பருந்துக் காட்சியைத் தவறவிடாதீர்கள். அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை நடக்கும். கூண்டு இல்லை, கயிறு இல்லை. ஹாரிஸ் பருந்துகள் குடும்பமாக வேட்டையாடும் பழக்கம் உள்ளவை. தலைக்கு ஒரு சாண் மேலே பறக்கும்போது இறக்கைக் காற்று முடியைக் கலைக்கும். போட்டோ எடுக்கக் கையை உயர்த்தாமல் இருப்பது நல்லது. அப்புறம் ஹம்மிங்பேர்ட் என்ற ரீங்காரச்சிட்டு அறை. சிலந்தி நூலால் ஒட்டிக் கட்டிய கூடு, எலுமிச்சையில் பாதி கூட இருக்காது. பொறுமையாக நின்றால் கண்ணில் படும். அவசரப்படுபவர்களுக்கு வெறும் செடிதான் தெரியும்.

லிவிங் டெசர்ட் வேறு ரகம். 1970-ல் இயற்கைக் காப்பிடமாகத் தொடங்கியது. மொத்தம் 1,200 ஏக்கர், அதில் பெரும்பகுதி சும்மா விட்ட மலையும் மணலும். உள்ளூர் காட்டு ஆடு நிஜமான பாறைக் குன்றில் ஏறி நிற்பதைப் பார்க்கலாம். ஆனால் கூட்டம் போவது ஆப்பிரிக்கப் பக்கத்துக்கு: ஒட்டகச்சிவிங்கி, சிறுத்தை, 2021-ல் திறந்த காண்டாமிருகப் பகுதி. ஒட்டகச்சிவிங்கிக்கு நம் கையால் தழை ஊட்டலாம். அந்த நீலம் பாய்ந்த நீள நாக்கு கையைத் தடவும்போது குழந்தைகள் போடும் கூச்சல் வாசல் வரை கேட்கும். மாடல் ரயில் வேறு ஓடுகிறது. எட்டு வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், டூசான் இங்கே தோற்கும். மதிய வெயிலில் தூங்கும் ஓநாயைக் காட்டி நான்கு வயதுப் பையனை எவ்வளவு நேரம் சமாளிப்பீர்கள்?

ஆனால் பாலைவனம் என்ற முறையில் பாம் டெசர்ட் எனக்குக் கொஞ்சம் வறட்சிதான். இதுவும் சொனோராவின் ஒரு பகுதிதான் என்றாலும், மழை சில அங்குலம், அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில். டூசானுக்குக் குளிர்கால மழையும் உண்டு, ஜூலையில் தொடங்கும் பருவமழையும் உண்டு. ஆண்டுக்குச் சுமார் 11 அங்குலம். அந்த இரண்டாவது மழைதான் சவாரோவை வாழவைப்பது. கலிஃபோர்னியாவில் கொலராடோ ஆற்றோரத்தைத் தாண்டி அது இயற்கையாக வளர்வதே இல்லை.

ஃபீனிக்ஸுக்கு வருவோம். செடி மட்டும்தான் ஆசை என்றால் டெசர்ட் பொட்டானிக்கல் கார்டனை மிஞ்ச மற்ற இரண்டாலும் முடியாது. 1939-ல் திறந்தது. வாசலிலேயே கண்ணாடிச் சிற்பி டேல் சிஹூலியின் கோபுரங்கள் பச்சையாகக் கள்ளி மாதிரி நிற்கும். அழகுதான், இருந்தாலும் பக்கத்தில் நிஜக் கள்ளி நிற்கும்போது எதற்கு என்று எனக்குத் தோன்றும். நம்மவர்களுக்குச் சுவையான சங்கதி வேறு இருக்கிறது. சதுரக்கள்ளி, திருகுக்கள்ளி என்று நாம் சொல்பவை அமெரிக்கக் கள்ளிகளுக்குச் சொந்தமே இல்லை. அவை ஆமணக்குக் குடும்பம், கிள்ளினால் பால் வடியும். ஒரே மாதிரி வறட்சியில் வாழ்ந்து வாழ்ந்து உருவம் ஒத்துப்போய்விட்டது. தோட்டத்தில் கிள்ளிப் பார்க்க விடமாட்டார்கள், அதனால் முள் கிளம்பும் இடத்தைப் பாருங்கள். அமெரிக்கக் கள்ளியில் ஒவ்வொரு முள்கொத்துக்கும் அடியில் பஞ்சு வைத்தாற்போல் ஒரு திட்டு இருக்கும். ஆமணக்குக் குடும்பத்துக் கள்ளிகளில் இருக்காது.

2023 கோடையில் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டோ தாண்டியோ அடித்தது. அப்போது இந்தத் தோட்டத்தில் சவாரோக்கள் கிளை உதிர்ந்து சாய்ந்தன. சவாரோ தன் தோலின் நுண்துளைகளைத் திறந்து மூச்சு விடுவது இரவில். சிமெண்டும் தாரும் சூட்டைப் பிடித்துவைத்த நகரத்தில் இரவும் ஆறாவிட்டால் அது என்ன செய்யும்?

பக்கத்து உயிரியல் பூங்காவை வெளியூர் விலங்குகளைக் காட்டும் வழக்கமான இடம் என்று ஒதுக்கிவிடலாம், ஒரு விஷயம் இல்லையென்றால். 1962-ல் திறந்த அந்தப் பூங்காவுக்கு அடுத்த ஆண்டே அரேபிய ஓரிக்ஸ் மான்கள் வந்தன. காட்டில் வேட்டைக்கு அழிந்துகொண்டிருந்த இனம். தட்பவெப்பம் ஒத்துப்போனதால் ஃபீனிக்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள். 1972-ல் காட்டில் கடைசி மானும் போனது. 1982-ல் இந்தக் கூட்டத்தின் வாரிசுகள் ஓமானில் திறந்துவிடப்பட்டன. உள்ளூர் விலங்கு மட்டும் போதும் என்ற என் கட்சிக்கு எதிராக இதைவிட நல்ல வாதம் கிடையாது. ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் தோட்டத்துக்கு ஒரு டிக்கெட், பூங்காவுக்கு ஒரு டிக்கெட். இரண்டையும் ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் வயதானவர்களுக்கு முழங்கால் கெஞ்சும். ஒன்றைத்தான் எடுங்கள். பெற்றோரோடு போகிறவர்களுக்குத் தோட்டம்.

தூரக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். ஃபீனிக்ஸிலிருந்து டூசான் சுமார் இரண்டு மணி நேரம், பாம் டெசர்ட் ஏறக்குறைய நாலு மணி நேரம். லாஸ் ஏஞ்சலஸ்காரர்களுக்குப் பாம் டெசர்ட்தான் இரண்டு மணி நேரம். ஒரே பகலில் போய்வர நினைக்கும் அந்த ஊர்க்காரர்களிடம் டூசானுக்குப் போ என்று நான் பிடிவாதம் பிடிக்கமாட்டேன். எங்கே போனாலும் பையில் ஒரு சீப்பு இருக்கட்டும். சோய்யா என்ற கள்ளியின் முள்ளுருண்டை உரசினாலே துணியில் ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கையில் ஏறும். சீப்பை இடையில் விட்டு நெம்பினால் கழன்றுவிடும்.

நவம்பரிலிருந்து மார்ச் வரை எங்கே வேண்டுமானாலும் போகலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை லிவிங் டெசர்ட் மதியத்தோடு கதவை மூடிவிடுகிறது. அதிலிருந்தே வெயிலைப் புரிந்துகொள்ளலாம். ஜூலையில்தான் லீவு என்றால் டூசானுக்குக் காலையில் திறக்கும் நேரத்துக்கே போய், வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுங்கள். பிற்பகலில் மேகம் திரண்டு மழை கொட்டினால் காய்ந்த ஓடைகளில் நிமிடங்களில் வெள்ளம் வரும். தடுப்பு வைத்த சாலையில் காரை இறக்கி மாட்டிக்கொண்டால், மீட்க வந்த செலவை ஓட்டியவர் தலையிலேயே கட்ட அரிசோனாவில் 1995-லிருந்து சட்டம் இருக்கிறது. அதற்கு ஊர் வைத்த பேர், முட்டாள் ஓட்டுநர் சட்டம்.